பழைய நெட்வொர்க் சுவிட்ச எடைக்கு போடாதீங்க, படிக்கிற பசங்க கைக்கு குடுங்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்க வேலைவாய்ப்பு பக்கத்த ரொம்ப வருஷமா விடாம படிக்கிறவன் நான். மதுரையில நெட்வொர்க் வேல பாக்குறேன், ஆஸ்பத்திரி, ஜவுளிக்கடை, காலேஜ்னு எங்கெல்லாம் சுவிட்ச் ரவுட்டர், அதாவது கம்ப்யூட்டருங்கள ஒண்ணோடொண்ணு இணைக்கிற பெட்டிங்க இருக்கோ அங்கெல்லாம் போயி மாட்டுறது, கழட்டுறது, ஓடாதத ஓட வைக்கிறதுதான் பொழப்பு. சிஸ்கோ கம்பெனி நடத்துற சிசிஎன்ஏ பரீட்சைக்கு படிங்க, நெட்வொர்க்கிங்ல நல்ல வேல இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க, அது சரிதான், ஆனா படிக்கிற புள்ள எதுல கை வச்சு பழகும்னு யாரும் சொல்றதில்ல. அத பத்திதான் இந்த கடுதாசி, கொஞ்சம் நீளமா போகும், தயவு செஞ்சு வெட்டாம போடுங்க.

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமிருந்து டிப்ளமோ முடிச்ச பசங்க, பொண்ணுங்க எங்கிட்ட வந்து மொதல்ல கேக்குறது "அண்ணே, வீட்டுல பழகிப் பாக்க லேப் வைக்க எம்புட்டு ஆகும்?"னுதான். புது சுவிட்ச் விலைய நெட்ல பாத்துட்டு லட்சக்கணக்குல ஆகும்னு பயந்துபோயி வர்றாங்க. பரீட்சைக்கே 300 டாலர், வரியும் சேந்தா நம்ம காசுக்கு முப்பதாயிரத்த ஒட்டி வந்துரும், அதுவே அந்த வீட்டுல எத்தன மாச சம்பளம்னு யோசிச்சு பாருங்க, அதுக்கு மேல லேப் வேறயான்னு நெறய பேரு அந்த எடத்துலயே நின்னுர்றாங்க.

அதே சமயம் இதே ஊர்ல இன்னொண்ணும் நடக்குது. ஒரு ஆபீஸ்லயோ காலேஜ்லயோ நெட்வொர்க்க புதுசா மாத்துறாங்கன்னா பழைய சுவிட்சு ரவுட்டரு எல்லாத்தையும் ஸ்டோர் ரூம்ல ஒரு மூலையில அடுக்கிருவாங்க, அது பல வருஷம் அங்கயே தூசி தின்னும், அப்புறம் ஒரு நாள் உடைஞ்ச நாற்காலி, துருப்பிடிச்ச ஃபேனோட சேத்து ஏலத்துல போயிரும். சிம்மக்கல் பக்கம் பழைய இரும்புக்கடையில சிஸ்கோ 2960 மாடல் சுவிட்சுங்க தகரத்தோட தகரமா கெடந்தத நானே பாத்திருக்கேன், கேட்டு வாங்கி பவர் குடுத்தா நல்லா எந்திரிக்குது, எல்லா போர்ட்டும் வேல செய்யுது. அலுமினியத்துக்கும் செம்புக்கும் அத உடைக்கிறாங்க. எனக்கு வயிறு எரியுது சார்.

அம்புட்டு பழைய சாமான் இன்னைக்கு பரீட்சைக்கு ஆகுமான்னு கேப்பீங்க. ஆகும், எது ஆகும் எது ஆகாதுன்னு தெரிஞ்சு வாங்கணும், அவ்வளவுதான்.

இப்ப நடக்குற பரீட்ச 200-301, 2020 பிப்ரவரி 24-லருந்து இருக்கு, 2024 ஆகஸ்ட்ல 1.1னு கொஞ்சம் மாத்துனாங்க. ரெண்டு மணி நேரம். பாடத்த ஆறா பிரிச்சிருக்காங்க, ஐபி ரூட்டிங் 25 சதவீதம், அடிப்படை 20, சுவிட்ச் பக்கம் 20, செக்யூரிட்டி 15, ஐபி சர்வீஸ் 10, ஆட்டோமேஷன் 10. இதுல வீலேன் (ஒரே சுவிட்ச தனித்தனி நெட்வொர்க்கா பிரிக்கிறது), ட்ரங்க் (பல வீலேன ஒரே ஒயர்ல கொண்டு போறது), ஸ்பானிங் ட்ரீ (டேட்டா வட்டமா சுத்தாம தடுக்கிறது), ஈதர்சேனல், ஸ்டாட்டிக் ரூட், ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டருங்க தாங்களே வழி கண்டுபிடிக்கிற முறை), நாட், டிஎச்சிபி, ஏசிஎல், போர்ட் செக்யூரிட்டி, எஸ்எஸ்எச் இதெல்லாம் பத்து பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி வந்த பெட்டியிலயும் இதே கமாண்டுலதான் ஓடுது. 1841ங்கிற பழைய மாடல் ரவுட்டருக்கு கம்பெனி சப்போர்ட் முடிஞ்சு பல வருஷமாச்சு, ஆனா ஓஎஸ்பிஎஃப் பக்கத்து ரவுட்டரோட எப்படி கை குலுக்குது, ஏன் சில நேரம் எக்ஸ்ஸ்டார்ட்ங்கிற நிலையிலயே மாட்டிக்கிட்டு நிக்குதுன்னு அதுல பழகுனா போதும், அது இன்னைக்கும் மாறல. பாடத்துல முக்கால்வாசிக்கு மேல பழைய பெட்டியிலயே பழகிறலாம்னு நான் உறுதியா சொல்லுவேன்.

மிச்சம் இருக்குற வயர்லெஸ் கன்ட்ரோலர், ஆட்டோமேஷன்ல வர்ற ஜேசன், ரெஸ்ட் ஏபிஐ, புதுசா சேத்த ஏஐ சமாச்சாரம் இதுக்கெல்லாம் பழைய பெட்டி உதவாது, அத லேப்டாப்லதான் படிக்கணும். நெட்வொர்க்க லேப்டாப்லயே ஓட்டி காட்டுற சிமுலேட்டர் சாஃப்ட்வேர் பாக்கெட் ட்ரேசர், சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில பேரு பதிஞ்சா இலவசமாவே கிடைக்குது, ஜிஎன்எஸ்3-யும் இலவசம்.

அப்ப எல்லாத்தையும் சிமுலேட்டர்லயே படிச்சுறலாமே, எதுக்கு இந்த பாரத்த எல்லாம் தூக்கணும்னு சில வாத்தியாருங்களே சொல்றாங்க. பாஸ் பண்றது மட்டும்தான் குறின்னா அதுவும் நடக்கும், அப்படி பாஸானவங்க நெறய பேரு இருக்காங்க, அத நான் குறை சொல்லல. ஆனா பாஸான பையன வேலைக்கு எடுத்து ரேக் முன்னாடி நிறுத்துனா லேப்டாப்லருந்து பெட்டிக்கு கமாண்டு குடுக்குற அந்த நீல கலர் கன்சோல் கேபிள எங்க சொருகணும்னு முழிக்கிறான், அது அவன் தப்பு இல்ல, யாரும் அவன் கையில குடுக்கல. லேப்டாப்புல பழைய மாதிரி சீரியல் போர்ட் கிடையாது, யுஎஸ்பி கன்வர்ட்டர் வேணும், அதுல போலி சிப் இருந்தா விண்டோஸ் டிரைவர் ஏத்துக்காது, ஏத்துக்கிட்டாலும் கமாண்டு அடிக்கிற புட்டிங்கிற (PuTTY) சாஃப்ட்வேர்ல ஸ்பீடு 9600-ல இல்லன்னா திரையில குப்பை குப்பையா எழுத்து வரும். இதெல்லாம் எந்த சிமுலேட்டர்லயும் வராது, வேலைக்கு போன மொத நாளே வரும்.

இன்னும் சொல்றேன். ரெண்டு சுவிட்ச ஒயர் போட்டு இணைச்சதும் லைட்டு ஆரஞ்சா நின்னு, அரை நிமிஷம் கழிச்சுதான் பச்சையாகும், ஸ்பானிங் ட்ரீ கேக்குறதுக்கு 15 செகண்டு, கத்துக்கிறதுக்கு 15 செகண்டு எடுத்துக்குது. புத்தகத்துல படிச்சா அது ஒரு வரி, எதிர்ல உக்காந்து எப்படா பச்சையாகும்னு காத்திருந்து பாத்தவனுக்கு அந்த காத்திருப்ப தவிர்க்கிற போர்ட்ஃபாஸ்ட் எதுக்குன்னு யாரும் சொல்லிக்குடுக்க வேண்டியதில்ல. அதே ரெண்டு சுவிட்சுக்கும் நடுவுல ரெண்டு ஒயரு போட்டு ஸ்பானிங் ட்ரீய நிப்பாட்டிட்டு எல்லாருக்கும் போற பிராட்காஸ்ட் செய்தி ஒண்ணே ஒண்ணு அனுப்பி பாருங்க, அத்தன லைட்டும் ஒண்ணா பட படன்னு அடிக்கும், கன்சோல் கூட திக்கும். ஒரு ஆஸ்பத்திரியில யாரோ ஒருத்தர் சுவத்துல இருக்குற ரெண்டு போர்ட்ல ஒரே ஒயரோட ரெண்டு முனையையும் சொருகிட்டா என்ன ஆகும்னு அன்னைக்கு புரியும். டூப்ளெக்ஸ், அதாவது ஒரே நேரத்துல அனுப்பவும் வாங்கவும் செய்யலாமாங்கிற செட்டிங், ரெண்டு பக்கமும் ஒத்துப்போகலன்னா லிங்க் லைட்டு நல்லா பச்சையாத்தான் எரியும், ஆனா ஃபைல் காப்பி ஆமையா நகரும், ஷோ இன்டர்ஃபேஸ்னு கமாண்டு போட்டா ஒரு பக்கம் லேட் கொலிஷனும் இன்னொரு பக்கம் சிஆர்சி எரரும் ஏறிக்கிட்டே இருக்கும், இத ஒரு தடவ நேர்ல பாத்தவன் வாழ்க்கையில மறக்க மாட்டான்.

3560 சுவிட்ச்ல நேரா ட்ரங்க் மோட் போட்டா ஏத்துக்காது, எந்த ட்ரங்க் முறைன்னு, என்கேப்சுலேஷன் டாட்1கியூன்னு மொதல்ல சொல்லணும், ஏன்னா அதுக்கு ஐஎஸ்எல்னு பழைய முறையும் தெரியும், 2960-ல அந்த கமாண்டே கிடையாது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பழகுன புள்ளைக்கு ட்ரங்க்னா உள்ள என்ன நடக்குதுன்னு தானா விளங்கிரும். பழைய சுவிட்சுக்குள்ள புது லேப்டாப்லருந்து எஸ்எஸ்எச்ல, அதாவது நெட்வொர்க் வழியா பூட்டுன இணைப்புல, போக பாத்தா சாவி பரிமாறுற முறை பழசு, நான் பேச மாட்டேன்னு லேப்டாப்பே கதவ சாத்திரும். பையன் ஏன்னு தேடி போவான், தேடுற வழியில எஸ்எச்ஏ1ங்கிற பழைய முறைய ஏன் ஒதுக்குனாங்க, சாவி பரிமாறுற டிஃபி ஹெல்மேன் குரூப்னா என்னன்னு அத்தனையும் படிச்சுட்டு வருவான். டிவிஎஸ் 50-ய பிரிச்சு மாட்டி தொழில் பழகுன மெக்கானிக் எந்த புது வண்டி வந்தாலும் பயப்படாம நெஞ்சு நிமித்தி நிக்கிற மாதிரிதான் இதுவும்.

இதுல இன்னொரு பெரிய விஷயம், நம்ம மாவட்டத்துல நெறய வீட்டுல இருக்குற ஒரே கம்ப்யூட்டர் அரசாங்கம் குடுத்த பழைய இலவச லேப்டாப்தான். அதுல ஜிஎன்எஸ்3 போட்டு நாலஞ்சு ரவுட்டர ஓட விட்டா மூச்சு வாங்கி நின்னுரும். ஆனா நிஜ ரவுட்டர்ல பழகுறதுக்கு லேப்டாப்புல புட்டி ஒண்ணு ஓடுனா போதும், எம்புட்டு பழைய லேப்டாப்பா இருந்தாலும் புட்டி ஓடும். சிமுலேட்டர் இலவசந்தானேன்னு சொல்றவங்க அத ஓட்டுற மெஷின் யாரு வீட்டுல இருக்குன்னும் கொஞ்சம் யோசிக்கணும்.

சொந்தமா வாங்க நினைக்கிறவங்களுக்கு நான் சொல்றது, 2950 சுவிட்ச் எம்புட்டு மலிவா வந்தாலும் வேணாம், புது ஐபி முகவரி முறையான ஐபிவி6 கிடையாது, ரெண்டு சுவிட்ச இணைக்க கிராஸ் கேபிள் தனியா தேடணும். 2960 ரெண்டு, 3560 ஒண்ணு, ரவுட்டர் 1841-ஓ 1941-ஓ ரெண்டு, இது போதும். சீரியல் கார்டு, தூர இணைப்புக்கான அந்த தடி தடியான வேன் (WAN) கேபிளுக்கெல்லாம் காசு போடாதீங்க, ஃபிரேம் ரிலேங்கிற பழைய தூர இணைப்பு முறை எல்லாம் பாடத்த விட்டே போயிருச்சு, இத இன்னும் சில கடையில சிசிஎன்ஏ கிட்னு சொல்லி சேத்து தலையில கட்டுறாங்க. வாங்கறதுக்கு முன்னாடி கடையிலயே பவர் போட்டு ஷோ வெர்ஷன்னு கமாண்டு போட்டு பாருங்க, பெட்டிய ஓட்டுற சாஃப்ட்வேரான ஐஓஎஸ் பேர்ல கே9 இருந்தாத்தான் எஸ்எஸ்எச் வரும். பெட்டி கை மாறுனா சாஃப்ட்வேர் லைசென்ஸ் கூட வராது, புது ஐஓஎஸ் எறக்க கம்பெனியோட கான்ட்ராக்ட் வேணும், அதனால உள்ள என்ன இருக்கோ அதுதான் உங்களுக்குன்னு நினைச்சு பாத்து வாங்குங்க.

கரண்ட் பில்ல பத்தி அம்மாமார் பயப்படுறாங்க. மூணு பெட்டி ஓடுனா தோராயமா 120 வாட், ஒரு நாளைக்கு நாலு மணி நேரம்னா அரை யூனிட், ரெண்டு மாசத்துக்கு முப்பது யூனிட்டுக்குள்ள வரும், அவ்வளவுதான், படிச்சு முடிச்சதும் மறக்காம அணைச்சுறணும். சூடுதான் உண்மையான பிரச்சன. இந்த பெட்டிங்க 40, 45 டிகிரி அறைச்சூடு வரைக்கும்தான் தாங்கும், நம்ம ஊர்ல சித்திரை வெயில்ல ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு கீழ வச்சா அத தாண்டிரும், அதனால காத்தோட்டமான எடத்துல தரையோரமா வச்சு காலையில வேல பாருங்க, வருஷம் ஒரு தடவையாவது மூடிய கழட்டி ஃபேன்ல இருக்குற தூசிய பிரஷ்ஷால எடுங்க. சத்தம் தாங்கலன்னா 2960-லயே எட்டு போர்ட் சின்னது ஒண்ணு இருக்கு, அதுல ஃபேனே கிடையாது, சின்ன வீட்டுக்கு அதுதான் சரி.

ஒண்ணே ஒண்ணு கண்டிப்பா சொல்லணும், இந்த பழைய பெட்டிய நேரா இன்டர்நெட்ல மாட்டக்கூடாது. பழைய சுவிட்சுல ஸ்மார்ட் இன்ஸ்டால்னு ஒரு வசதி தானா திறந்தே இருக்கும், 4786-ங்கிற போர்ட்ல. 2018 ஏப்ரல்ல ஈரான், ரஷ்யா நாட்டுல ஏகப்பட்ட சுவிட்சுகள இது வழியாத்தான் புகுந்து கான்ஃபிக்க, அதாவது உள்ள எழுதி வச்ச செட்டிங்க, அழிச்சாங்க. நோ விஸ்டாக்னு ஒரு கமாண்டு போட்டா மூடிரும், அதையும் போட்டு, லேப் ஒயர வீட்டு வைஃபையோட சேக்காம தனியா வச்சுக்கங்க.

இப்ப நான் முக்கியமா கேக்க வந்தது. எங்க ஊரு காலேஜ்ங்க, ஆஸ்பத்திரிங்க, கம்பெனிங்க, அரசு ஆபீஸ்ங்க எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள், வேல செய்ற சுவிட்ச் ரவுட்டர எடைக்கு போடாதீங்க. ஏன் குடுக்க மாட்டேங்கிறீங்கன்னு கேட்டா உள்ள எங்க டேட்டா இருக்கு, யாராச்சும் எடுத்துருவாங்கன்னு சொல்றாங்க. அந்த பயம் நியாயமான பயம்தான். ஈசெட்னு ஆன்டிவைரஸ் கம்பெனிக்காரங்க பழைய ரவுட்டர் 18 வாங்கி ஆராய்ச்சி பண்ணி 2023-ல வெளியிட்டாங்க, வேல செஞ்சதுல பாதிக்கு மேல பழைய கம்பெனியோட முழு விவரமும் அப்படியே உள்ள இருந்துச்சு, விபிஎன் சாவி, பாஸ்வேர்ட், யாரு யாரோட பேசுனாங்கங்கிறது வரைக்கும். ஆனா ஒண்ண கவனிங்க, எடைக்கு போட்டா மட்டும் அது அழிஞ்சுருமா? இரும்புக்கடைக்காரர் கான்ஃபிக்க அழிச்சுட்டா உடைக்கிறாரு? அங்க கெடக்குறதுல பவர் போட்டு பாத்தா ஏதோ ஒரு ஆபீஸோட பேரு, ஐபி, வீலேன் பேரெல்லாம் வருது, டைப் 7ங்கிற லேசான முறையில மறைச்ச பாஸ்வேர்டா இருந்தா ஒரு நொடியில திருப்பி படிச்சுறலாம். எடைக்கு போடுறதுதான் ஆபத்து, அழிச்சுட்டு குடுக்குறதுதான் பாதுகாப்பு.

அழிக்கிறது ஒண்ணும் மலைய புரட்டுற வேல இல்ல. பாஸ்வேர்ட் தெரிஞ்சா ரைட் எரேஸ் போடணும், சுவிட்ச்சா இருந்தா ஃபிளாஷ் மெமரியில இருக்குற வீலேன் டாட் (vlan.dat) ஃபைலையும் சேத்து அழிக்கணும், இத நெறய பேரு மறந்துர்றாங்க, அது இருந்தா வீலேன் பேரும், வீலேன் பட்டியல மத்த சுவிட்சுக்கு பரப்புற விடிபியோட நம்பரும் அப்படியே தங்கிரும், அதே விடிபி டொமைன் பேரு இருக்குற வேற நெட்வொர்க்ல மாட்டுனா, இதுல அந்த நம்பர் அதிகமா இருந்தா, அங்க இருக்குற வீலேன் மொத்தத்தையும் தொடச்சுரும். ஃபிளாஷ்ல யாராச்சும் பழைய கான்ஃபிக் காப்பி வச்சிருக்காங்களான்னும் ஒரு பார்வ பாத்துட்டு ரீலோட் போடணும். பாஸ்வேர்ட் தெரியலன்னா ரவுட்டர பவர் போட்ட கையோட கீபோர்டுல பிரேக் கீ அடிச்சு, கான்ஃபிக்க படிக்காம எந்திரிக்கிற மாதிரி ரிஜிஸ்டர 2142-க்கு மாத்தி, உள்ள போயி அழிச்சுட்டு மறக்காம 2102-க்கு திருப்பணும். சுவிட்ச்ல மோட் பட்டன அமுக்கி பிடிச்சுக்கிட்டே பவர் குடுத்து கான்ஃபிக் ஃபைல தூக்கணும். ஒரு பெட்டிக்கு பத்து பதினஞ்சு நிமிஷம் போதும்.

சட்டத்த பத்தியும் ஒரு வார்த்த. மின்னணு கழிவு விதிகள் 2022, 2023 ஏப்ரல் 1-லருந்து அமல்ல இருக்கு, அதுப்படி பெரிய நிறுவனங்க மின்னணு கழிவ பதிவு பண்ணுன மறுசுழற்சிக்காரங்க மாதிரி ஆளுங்க கிட்டதான் குடுக்கணும், தெருவுல வர்ற எடைக்காரர்ட்ட போடுறதே தப்பு. அந்த விதியே பழச சரி பண்ணி ஆயுச கூட்டுறதுக்கும் எடம் குடுக்குது. நல்லா ஓடுற சுவிட்ச கழிவுன்னு எழுதி தள்ளுறதுக்கு முன்னாடி, ஓடுது ஓடலன்னு ரெண்டா பிரிச்சு எழுத ஒரு ஆள் போதும்.

எங்க குடுக்குறதுன்னு கேட்டா, புது நத்தம் ரோட்டுல 2023 ஜூலை 15-ல திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கு, போட்டித் தேர்வுக்கு படிக்கிற புள்ளைங்க காலையிலருந்து ராத்திரி வரைக்கும் அங்கதான் உக்காந்திருக்குதுங்க. அங்க ஒரு மூலையில ஒரே ஒரு ரேக் வச்சா என்ன? நான் மேல சொன்ன அஞ்சு பெட்டி, ஒரு யுபிஎஸ், ஒரு மேஜை. 2511னு இன்னும் பழைய ரவுட்டர் ஒண்ணு இருக்கு, அதுல 16 கன்சோல் லைன் வரும், அத வச்சா ஒவ்வொரு பெட்டிக்கும் ஒயர மாத்தி மாத்தி சொருகாம உக்காந்த எடத்துலருந்தே எல்லாத்தையும் பழகலாம். மணி கணக்குல பேரு எழுதி வச்சு ஆளுக்கு ஒரு நேரம் குடுக்கலாம், புத்தகம் எடுக்குற மாதிரியே. நூலகத்துல முடியாதுன்னா கோ.புதூர் ஐடிஐயில வைங்க, பாலிடெக்னிக்ல வைங்க, ஆனா அங்க படிக்காத புள்ளைக்கும் சனி ஞாயிறு கதவ திறந்து விடுங்க. பொம்பளப் புள்ளைங்க நெறய பேருக்கு வீட்டுல இந்த சத்தம் போடுற பெட்டிய வைக்க எடம் இல்ல, பழைய கடை கடையா அலைஞ்சு வாங்கவும் விட மாட்டாங்க, அவங்களுக்கு இப்படி ஒரு பொது எடம் இருந்தா எம்புட்டு உதவியா இருக்கும்.

மாவட்ட ஆட்சியர் அவர்களும் மாநகராட்சியும் நூலகத்துறையும் இத படிச்சா ஒரு பதில் சொல்லணும்னு கேட்டுக்கிறேன். கான்ஃபிக் அழிக்க ஆள் இல்லன்னு எந்த நிறுவனமும் தயங்க வேணாம், நானும் என் கூட வேல பாக்குற ரெண்டு பேரும் ஞாயித்துக்கிழமையில காசு வாங்காம நேர்ல வந்து, உங்க ஆளு பக்கத்துல இருந்து பாக்கவே அழிச்சு, ஓட்டி பாத்து, எது ஓடுது எது ஓடலன்னு சீட்டு ஒட்டி குடுத்துட்டு வர்றோம். என் விலாசமும் போன் நம்பரும் இந்த கடுதாசியோட தனி தாள்ல வச்சிருக்கேன், அத அச்சுல போட வேணாம், யாராச்சும் கேட்டு வந்தா மட்டும் குடுங்க.

இப்படிக்கு,
நெட்வொர்க் வேல பாக்குற வாசகன்,
ஆனையூர், மதுரை.